திட்டு விழாத ரிவ்யூ

"ரிவ்யூ மீட்டிங்" என்று சொன்னாலே நம்மூரில் வயிறு ஒருமுறை கலங்கும். நீள மேசை, தலைமாட்டில் பெரிய அதிகாரி, இரண்டு பக்கமும் ஃபைலும் கையுமாக ஆட்கள். ஒருத்தர் எழுந்து நின்று வாங்கிக் கட்டிக்கொள்ளும்போது மற்றவர்கள் "அப்பாடா, இன்னிக்கு நாம இல்ல" என்று பேப்பரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வார்கள். மறுநாள் நாளிதழில் 'ஆய்வுக் கூட்டம் நடைபெற்றது' என்று படத்தோடு வரும். எதை ஆய்ந்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது.

நான் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனம் ரொம்பச் சின்னது. தென்சென்னை ஓரத்தில் ஏழு மாலை நேரப் படிப்பு மையங்கள், சம்பளத்துக்குப் பதினோரு பேர், வந்துபோகும் தன்னார்வலர்கள் முப்பது நாற்பது பேர். எங்களிடமும் ரொம்ப நாள் ரிவ்யூ என்றால் இந்த வகைதான். டோனருக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டிய தேதிக்கு முந்தின நாள் எல்லோரையும் கூப்பிட்டு எண்களை வாங்குவோம். "உங்க சென்டர்ல அட்டெண்டன்ஸ் ஏன் குறைஞ்சிருக்கு?" என்று நான் கேட்பேன். "அடுத்த மாசம் சரி பண்ணிடறேன் சார்" என்று பதில் வரும். அதையே எழுதிக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போவேன். எது சரியில்லாமல் இருந்தது, எதைச் சரி பண்ணப் போகிறார் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. இப்படியே ஆறு வருஷம் ஓட்டியிருக்கிறோம்.

அதை மாற்றிவிட்டது கஜா. 2018 நவம்பர் 16 விடிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த அந்தப் புயல் டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. நாங்களும் ஒரு லாரி பிடித்துக் கிளம்பினோம். அரிசி, பிஸ்கட், பதினான்கு மூட்டை பழைய துணி. 2015 சென்னை வெள்ளத்தின்போது இதே பழைய துணிகள் தெருவோரம் குவிந்து, நனைந்து, நாறிக் கிடந்ததை எங்கள் கண்ணால் பார்த்தவர்கள்தான் நாங்கள். அப்படியும் பதினான்கு மூட்டை! போய் இறங்கியதும் ஒரு அம்மா வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "துணி கெடக்கட்டும் தம்பி, தார்ப்பாய் இருக்கா?" இல்லை. மெழுகுவர்த்தி? இல்லை. கொசுவத்தி? அதுவும் இல்லை. கரண்ட் இல்லாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. ஊரே காசு போட்டு ஜெனரேட்டரை வாடகைக்குத் தேடிக்கொண்டிருந்தது. நாங்கள் நைட்டியையும் பேன்ட்டையும் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்ததும் வழக்கம்போல் படங்களோடு ரிப்போர்ட் எழுதினோம். இத்தனை குடும்பங்கள், இத்தனை கிலோ. அதைப் படித்துவிட்டு எங்கள் அறங்காவலர்களில் ஒருவர் கூப்பிட்டார். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேச மாட்டார். "எல்லாம் சரி, அடுத்த புயலுக்கு என்ன எடுத்துட்டுப் போவீங்க?" என்று மட்டும் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "நீங்க ஒருத்தர் யோசிச்சா போதாது. போன எல்லாரையும் உக்கார வைங்க. நாலு கேள்வி கேளுங்க."

என்ன நடக்கும் என்று நினைத்துப் போனோம், உண்மையில் என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது, அடுத்த முறை என்ன செய்வோம். இதுதான் அந்த நாலு. பிற்பாடு தேடிப் படித்தபோது இதற்கு ஒரு வரலாறே இருப்பது தெரிந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மொஹாவி பாலைவனத்துக்குள் ஃபோர்ட் இர்வின் என்று ஒரு ராணுவத் தளம் இருக்கிறது. 1980களின் தொடக்கத்திலிருந்து அங்கே ஒத்திகைப் போர் நடத்துகிறார்கள். எதிரியாக நடிப்பதற்கென்றே ஒரு படை அங்கேயே தங்கியிருக்கும். வருகிற படைகள் அதனிடம் பெரும்பாலும் உதை வாங்கும். உதை வாங்கிய சூட்டோடு எல்லோரும் உட்கார்ந்து இந்தக் கேள்விகளைப் பேசியாக வேண்டும். 'ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிவ்யூ' என்று பெயர். உத்தரவு லேட்டாக வந்தது என்று கடைநிலைச் சிப்பாய் தன் கர்னல் முகத்துக்கு நேராகச் சொல்லலாம். ராணுவத்தில்! சல்யூட் அடிக்காமல் நகர முடியாத இடத்திலேயே இது முடிகிறது என்றால், சேவை, சமத்துவம் என்று மூச்சுக்கு மூச்சு பேசும் நம் தொண்டு நிறுவனங்களில் ஏன் முடியவில்லை என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

கஜாவுக்கான அந்தக் கூட்டம் 2019 ஜனவரியில் நடந்தது, ஒன்றரை மாதம் கழித்து. அதுவே தப்பு. ஆளாளுக்கு ஒரு கஜா ஞாபகத்தில் இருந்தது. டிரைவர் சொன்ன தேதி வேறு, நான் சொன்ன தேதி வேறு. ஆனாலும் ஒரு பக்கம் தேறியது. தார்ப்பாய், மெழுகுவர்த்தி, கொசுவத்தி, நாப்கின். பழைய துணி வாங்கவே கூடாது. கிளம்பும் முன் அந்த ஊரில் ஒருத்தருக்காவது போன் போட்டு என்ன தேவை என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு சாதாரணம் பாருங்கள். ஒரு போன். அது ஏன் தோன்றவில்லை என்று பேசிப் பேசி நாங்கள் கண்டுபிடித்த காரணம், கொடுக்கிற அவசரம். லாரி கிளம்பும் படம் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டிய இடங்கள் இருந்தன.

புயல் வருஷத்துக்கு ஒன்று வரலாம். மையங்கள் தினமும் நடக்கின்றன. அதனால் மாதாமாதம் முதல் சனிக்கிழமை உட்காருவது என்று முடிவாகியது. கோடு போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கினோம்.

அந்த வருஷம் ஜூலையை நான் மறக்க மாட்டேன். சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்ததை டிவியில் கல்யாண ஊர்வலம் மாதிரி காட்டினார்கள். அந்த மாதம் எங்கள் மையம் ஒன்றில் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் வருகை பாதியாகக் குறைந்திருந்தது. முப்பத்து நான்கு பிள்ளைகளில் பதினைந்து பதினாறு பேர். மற்ற நாட்களில் முப்பதுக்குக் குறையாது.

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது! அந்த இரண்டு நாளும் கணக்குச் சொல்லித்தர வருவது ஓ.எம்.ஆர். கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் பையன். நல்ல பையன்தான், ஆனால் போர்டைப் பார்த்துப் பேசுவான், பிள்ளைகளைப் பார்க்க மாட்டான். அலுப்பில் ஓடிவிடுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். அவனை நாசூக்காக நிறுத்துவதற்கு வாட்ஸப்பில் ஒரு மெசேஜ்கூட டைப் பண்ணி வைத்திருந்தேன். "உங்கள் வேலைப்பளு எங்களுக்குப் புரிகிறது…" என்று தொடங்கும் அந்த வகை மெசேஜ்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: சம்பளம் குறைவானவர் முதலில் பேசுவார், நான் கடைசியில். அந்த மையத்தைத் திறந்து, கூட்டி, ரிஜிஸ்டர் எடுத்து, பூட்டிவிட்டுப் போகும் அக்கா அதுவரை கூட்டத்தில் டீ போட்டுக்கொண்டிருந்தவர். அன்றைக்கு டீயைக் கடையில் சொல்லிவிட்டு அவரையும் உட்காரச் சொன்னோம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"செவ்வாய், வெள்ளி ஏன்க்கா புள்ளைங்க வர்றதில்ல?"

"அதான் ரிஜிஸ்டர்ல போட்டிருக்கேனே சார்."

எடுத்துப் பார்த்தோம். வராத பிள்ளைகளுக்கு நேரே சில இடங்களில் 'ஆ' என்றும் சில இடங்களில் 'த' என்றும் எழுதியிருந்தார். 'ஆ' ஆப்சென்ட். 'த' என்பதை எங்கள் அலுவலகத்தில் எக்ஸெல்லில் ஏற்றும் தம்பி 'தகவல் சொல்லி லீவு' என்று எடுத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்திருந்தான்.

"த-ன்னா தண்ணி சார். செவ்வா, வெள்ளி சாயங்காலம் அஞ்சரைக்கு லாரி வருது. அம்மாமாருங்க வீட்டு வேலைக்குப் போயிட்டு வர ஏழாவும். பொம்பளப் புள்ளைங்கதான் கொடத்தோட நிக்குதுங்க. அந்தக் கணக்குத் தம்பி இருந்தா எல்லாம் வரும்ங்க, அது மேல உசுரு."

நான் மெசேஜை அழித்தேன். யாருக்கும் காட்டவில்லை. இதை எழுதும்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

'த' போட்டிருந்த பெயர்களை எண்ணிப் பார்த்தால் ஒன்றிரண்டு தவிர எல்லாம் பெண் பிள்ளைகள். மூன்று வாரமாக அந்த எழுத்து எங்கள் மேசையில் இருந்திருக்கிறது. அந்த இரண்டு நாள் வகுப்பையும் சனி, ஞாயிறு காலைக்கு மாற்றினோம். அந்தப் பையனுக்கும் ஆபீஸிலிருந்து ஓடி வருகிற பாடு மிச்சம். மழை வந்து லாரி நாட்கள் மாறியதும் மறுபடி மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் அப்போது அக்காவே முதல் ஆளாகக் கூட்டத்தில் சொல்லிவிட்டார்.

தவறைத் தேடிப் பிடித்து எழுதி வைத்தவர்கள் முன்பே உண்டு. பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்று ஒரு அறுவை மருத்துவர் நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்தார். தன்னிடம் சிகிச்சை பெற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை போட்டு, ஒரு வருஷம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்து எழுதினார். சரியாகவில்லை என்றால் ஏன் என்றும் எழுதினார். எல்லா மருத்துவமனைகளும் இதைச் செய்து வெளியிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வேலை பார்த்த பெரிய மருத்துவமனைக்கும் அவருக்கும் ஒத்துவராமல் 1914இல் வெளியேறினார். தன் சொந்தச் சிறிய மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை பார்த்த 337 நோயாளிகளின் கணக்கைப் புத்தகமாகவே போட்டார். அதில் 123 தவறுகளை அவரே பட்டியலிட்டிருக்கிறார். எந்த டாக்டர் இன்றைக்கு அப்படிப் போடுவார்? அந்த ஊரில் பலர் அவரைக் கிறுக்கர் என்றுதான் பார்த்தார்கள். பின்னால் அமெரிக்க மருத்துவமனைத் தர நிர்ணயத்துக்கே அவரைத்தான் முன்னோடி என்கிறார்கள்.

அதே பாஸ்டன் பக்கம் ஏமி எட்மண்ட்ஸன் என்ற ஆய்வாளர் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். 1996இல் வெளியான ஆய்வு. நன்றாக ஒத்துழைக்கும் வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு எண்கள் தலைகீழாக வந்தன. நல்ல வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. காரணம், அங்கே நர்ஸுகள் பயப்படாமல் சொன்னார்கள். மற்ற இடங்களில் தவறு நடந்தது, வெளியே வரவில்லை. எங்கள் பழைய மாதக் கூட்டத்தில் எல்லா மையமும் ஒழுங்காக நடந்ததாக ரிப்போர்ட் வந்ததன் மர்மம் எனக்கு அதைப் படித்தபோதுதான் விளங்கியது.

பாஸ்டன் வரை போவானேன், மதுரையிலேயே இருக்கிறது. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி பதினோரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை கிராமங்களில் முகாம் போட்டுப் புரை உள்ளவர்களைக் கண்டுபிடித்து, இலவசமாக ஆபரேஷன் செய்கிறோம், வாருங்கள் என்று சொல்லி அனுப்பியது. பெரும்பாலோர் வரவில்லை. 'விழிப்புணர்வு இல்லை' என்று ஒரு வரி எழுதி முடித்திருக்கலாம். நம் துறையில் அந்த ஒற்றைச் சொல் எத்தனை ரிப்போர்ட்டைக் காப்பாற்றியிருக்கிறது! அவர்கள் வராதவர்களையே போய்க் கேட்டார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை, அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது, கூட வர ஆளில்லை, ஆபரேஷன் என்றால் பயம், இன்னும் கொஞ்சம் தெரியுதே. இலவச ஆபரேஷன் இலவசமாக இல்லை என்பது புரிந்ததும் முகாமிலிருந்தே வண்டியில் ஏற்றி வந்து, சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடிந்ததும் கூட்டமாகவே திருப்பிக் கொண்டுபோய் விடும் வழக்கம் வந்தது. தனியாகப் போகப் பயந்தவர்கள் ஊர்க்காரர்களோடு சேர்ந்து போனார்கள்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் முதல் சனிக்கிழமைகளும் மூன்றாவது வருஷத்தில் சடங்காகிவிட்டன. 2020 ஊரடங்கில் கான்ஃபரன்ஸ் காலில் நடத்தினோம். அதில் யாரும் பேசவில்லை, மியூட் போட்டுக்கொண்டு சமையல் பார்த்தார்கள் (நான் உட்பட). மறுபடி நேரில் கூடியபோது பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒருநாள் நோட்டைப் புரட்டினால் 'தகவல் தொடர்பை மேம்படுத்த வேண்டும்' என்ற வரி ஒன்பது முறை இருக்கிறது. ஒன்பது மாதம், ஒரே வரி, சில இடங்களில் ஒரே எழுத்துப் பிழையோடு.

அன்றைக்கு எங்கள் தமிழ் வாத்தியார் தன்னார்வலர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஒரு யோசனை சொன்னார். முடிவு எழுதும்போது 'வேண்டும்' என்று முடியும் வாக்கியத்தை எழுதக் கூடாது. 'வேண்டும்' என்றால் யாருக்கு வேண்டும், யார் செய்ய வேண்டும் என்று தெரியாது. 'செய்வார்' என்று எழுது, எழுவாய் தானாக வந்து நிற்கும் என்றார். சின்ன இலக்கண விளையாட்டுதான். ஆனால் வேலை செய்தது. 'பெற்றோரைச் சந்திக்க வேண்டும்' என்பது 'மூன்றாவது மையத்தின் அக்கா பதினைந்தாம் தேதிக்குள் எட்டு வீடுகளுக்குப் போவார்' என்று ஆயிற்று. யாரையும் எழுவாயாகப் போட முடியாத வாக்கியத்தை அடித்துவிடுவோம். நிறைய அடிபட்டன. கூடவே இன்னொன்று: கூட்டம் போன மாத முடிவுகளைப் படிப்பதில்தான் தொடங்கும். முடிந்தது, முடியவில்லை, இனி வேண்டாம். மூன்றில் ஒன்றை நேரே எழுதுவோம். இந்தப் பத்து நிமிஷத்தை விட்டுவிட்டால் மீதி நேரம் வெறும் பேச்சு, இது என் அனுபவத் தீர்ப்பு.

நன்றாக நடந்ததையும் ஏன் என்று கேட்கிறோம். ஒரு மையத்தில் மட்டும் எப்போதும் சரியாக ஐந்தரைக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். ஆசிரியரின் திறமை என்று நினைத்திருந்தோம். சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டி தெருமுனை வரை கேட்கிற மாதிரி பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று விசாரித்த பிறகு தெரிந்தது. மற்ற மையங்களுக்கும் ஒரு பாட்டியைத் தேடினோம். இரண்டில் கிடைத்தார்கள்.

எல்லாவற்றையும் இந்தக் கூட்டத்தில் பேச முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை பெட்டி கேஷில் கணக்கு உதைத்தது. ஒருவர் மேல் சந்தேகம் வந்தது. அதைக் கூட்டத்தில் எடுத்தேன். எடுத்திருக்கவே கூடாது. அன்றைக்கு அவர் மட்டுமல்ல, அடுத்த இரண்டு மாதம் எல்லோருமே வாயை மூடிக்கொண்டார்கள். ஆளைப் பற்றிய பேச்சு கதவைச் சாத்திக்கொண்டு தனியாக, வேலையைப் பற்றிய பேச்சு எல்லோரும் சேர்ந்து. இரண்டையும் குழப்பினால் பழைய 'ஆய்வுக் கூட்டம்' திரும்பி வந்துவிடும்.

டோனர்களிடம் இந்த நோட்டைக் காட்டலாமா என்று எங்களுக்குள் ஒரு சண்டையே நடந்தது. கனடாவின் எல்லைகளற்ற பொறியாளர்கள் அமைப்பு 2008 முதல் பல வருஷங்கள் தன் தோல்விகளையே ஒரு வருடாந்தர அறிக்கையாக வெளியிட்டது, களத்தில் வேலை செய்தவர்களே எழுதி. அதை நான் உதாரணமாகச் சொன்னேன். "அவங்களுக்குக் கனடா டோனர் சார், நமக்கு மார்ச் மாசம் ஃபண்ட் புதுப்பிக்கணும்" என்றார் எங்கள் கணக்காளர். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில் வருஷ ரிப்போர்ட்டில் அரைப் பக்கம், 'இந்த வருஷம் தவறியவை' என்று சேர்த்தோம். ஒரு டோனர் அதைப் படித்துவிட்டுத் தண்ணீர் லாரி பற்றி விசாரித்தார். இன்னொருவர் புதுப்பிக்கவில்லை. அந்த அரைப் பக்கம்தான் காரணமா என்று தெரியாது. அரைப் பக்கம் தொடர்கிறது.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கமெல்லாம் நாள் கணக்கில் தண்ணீர். கஜா பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டோம். முதலில் போன். தார்ப்பாய், மெழுகுவர்த்தி, கொசுவத்தி, நாப்கின் போயின. பழைய துணியோடு வந்த காரைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினோம். பால் கிடைக்காமல் குழந்தைகள் அழுததை எதிர்பார்க்கவில்லை. பால் பவுடர் இப்போது அதே பக்கத்தின் கீழே இருக்கிறது. இந்த முறை பத்தாவது நாளே கூடி எழுதிவிட்டோம்.

அந்தக் கூட்டத்தில் வழக்கம்போல அக்காதான் முதலில் பேசினார். மையத்துக்குள் முழங்கால் தண்ணீர் நின்றதில் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ரிஜிஸ்டர்கள் முழுக்க ஊறிவிட்டன, 'த' போட்டிருந்த அந்த 2019 ரிஜிஸ்டரும் சேர்த்து. "அலமாரிய மேல ஏத்தறதா முன்னாடியே எழுதினோமே சார்" என்றார். நோட்டைப் புரட்டினோம். 2021 மார்ச்: 'மையத்தின் அலமாரியைச் சுவரில் நான்கடி உயரத்தில் கோஆர்டினேட்டர் மாற்றி அடிப்பார்.' கோஆர்டினேட்டர் நான்தான். ஊரடங்கு, தேர்தல் என்று அடுத்த சில மாதம் படிப்பது விட்டுப்போய், அந்த வரி அப்படியே அடியில் போய்விட்டது. நேரே ஒன்றும் எழுதப்படவில்லை. அந்த அறையில் அன்றைக்கு யாரும் என்னைத் திட்டவில்லை. ஏன் நடக்கவில்லை என்று கேட்டார்கள், கார்பென்டருக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார்கள், தேதி கேட்டார்கள். இருபது வருஷ வேலையில் வாங்கிய எந்தத் திட்டும் என்னை அப்படி வேலை வாங்கியதில்லை.

2024 ஜனவரி ஏழாம் தேதி அலமாரி மேலே ஏறியது. மார்ச் 2021 வரிக்கு நேரே, அக்காவின் கையெழுத்தில் 'முடிந்தது' என்று இருக்கிறது.